சுவரில் இருக்கும் பிளக்குக்கு எஜமானர் யார்?

கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், எதிர்ச் சுவரில் செருகியிருக்கும் ஸ்மார்ட் பிளக்கை அணைக்க எண்ணிக் கைபேசியில் விரலை வைத்தால், அந்த உத்தரவு கூடத்தைக் கடந்து நேரே பிளக்கைப் போய்ச் சேரும் என்றுதான் நினைப்பார். பல பிளக்குகளில் அப்படி நடப்பதில்லை. உத்தரவு முதலில் வீட்டு ரவுட்டரைத் தாண்டி இன்டர்நெட்டில் ஏறி, வேறொரு தேசத்தில் இருக்கக்கூடிய கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கே அவருடைய கணக்கு சரிபார்க்கப்பட்டு, இன்ன நேரத்தில் இன்ன பிளக் அணைக்கப்பட்டது என்று பதிவாகி, அதன் பிறகே வந்த வழியே திரும்பி எதிர்ச் சுவரை அடைகிறது. திண்ணையில் இருப்பவர் கூடத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைக் கடல் கடந்த ஊருக்குக் கடிதமாக எழுதிப் போட்டு, அங்கிருந்து மறு கடிதம் வந்த பிறகு அவருக்குத் தெரியப்படுத்துவதற்கு ஒப்பானது இந்த ஏற்பாடு. எல்லாம் ஒரு கணத்தில் முடிந்துவிடுவதனாலேதான் இதிலுள்ள விபரீதம் நமக்குப் புலப்படுவதில்லை.

புலப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2021 டிசம்பர் 7-ஆம் தேதி, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள அமேசான் சர்வர்களில் கோளாறு ஏற்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் தரை பெருக்கும் ரோபோக்களும் வாசல் மணிக் கேமராக்களும் எஜமானர்களின் சொல்லைக் கேளாமல் நின்றன. அந்தச் சாதனங்களிலும் பழுதில்லை. அந்த வீடுகளிலும் குறைவில்லை. இது சில மணி நேரத்தில் தீர்ந்த சங்கடம். தீராத சங்கடங்களும் நடந்திருக்கின்றன. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஒருங்கே ஆளும் பெட்டியொன்றை 300 டாலர் விலைக்கு விற்றுவந்த ரிவால்வ் என்னும் கம்பெனியை 2014-இல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் அந்தப் பெட்டி வெறும் பிளாஸ்டிக் துண்டாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு ஏதுமின்றி அணைந்தன. அதன் வாடிக்கையாளர்களில் ஒரு சிறு குழுவினர் ஒன்றுசேர்ந்து, சில வாரங்களுக்குப் பின் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கி உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. பிளக்குகளுக்குப் பேர்போன பெல்கின் நிறுவனமும், தன் வீமோ வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு ஆதரவு முடிவதாக 2025 ஜூலையில் அறிவித்தது.

விலை கொடுத்து வாங்கி, நம் வீட்டுச் சுவரில் மாட்டி, நம் மின்சாரத்தில் ஓடும் ஒரு பொருள், நம்முடைய சம்மதமின்றி ஒருநாள் செயலற்றுப் போகலாம் என்றால், அது உண்மையில் நம் ஸ்வாதீனத்தில் இருந்ததா என்று கேட்பது நியாயமே. அதை நம் ஸ்வாதீனத்துக்குக் கொண்டுவர ஒரு மார்க்கம் இருக்கிறது. பிளக்கின் உள்ளே கம்பெனி எழுதி வைத்த ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு, எவருடைய சர்வரையும் எதிர்பாராமல் வீட்டுக்குள்ளேயே உத்தரவைக் கேட்டு நடக்கும் வேறொரு ஃபர்ம்வேரை எழுதிவிடுவதே அந்த மார்க்கம்.

இதைப் புரிந்துகொள்ள, பிளக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். மூடியைத் திறந்தால், 230 வோல்ட் மின்சாரத்தைச் சில வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு பகுதி, மின் ஓட்டத்தைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற, தீப்பெட்டியிலும் சிறியதான ரிலே, கையால் அழுத்த ஒரு பொத்தான், நிலையைக் காட்ட ஒரு சிறு விளக்கு, இவற்றையெல்லாம் ஆளும் விரல்நகம் போன்ற ஒரு சிப் ஆகியவை தென்படும். உண்மையில் இந்தச் சிப் ஒரு முழுக் கம்ப்யூட்டர். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த இ.எஸ்.பி.8266 என்ற சிப்தான், வைஃபை வசதியை மலிவான பொருள்களிலும் வைக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. அதனுடன் சேர்ந்த 1 மெகாபைட் நினைவகத்தில், 'பொத்தானை அழுத்தினால் ரிலேயை மாற்று. இன்ன சர்வரோடு பேசு. அது சொன்னபடி செய்' என்ற விதிகள் நிரலாக எழுதப்பட்டிருக்கின்றன. அதுவே ஃபர்ம்வேர். ரிலேக்கோ பொத்தானுக்கோ எந்தக் கம்பெனியிடமும் விசுவாசம் கிடையாது. கட்டுப்பாடு முழுவதும் அந்த ஒரு மெகாபைட்டுக்குள் இருக்கிறது. ஆகவே அதை மாற்றினால் பிளக்கின் சுபாவமே மாறிவிடும்.

இந்த வேலையைச் சாமானியர்களுக்கும் எட்டும்படி செய்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ். சீனாவின் ஷென்சென் நகரத்து ஐடெட் நிறுவனம் சோனாஃப் என்ற பெயரில் மலிவான வைஃபை சுவிட்சுகளையும் பிளக்குகளையும் விற்கத் தொடங்கியபோது, அவற்றின் உள்ளே இருந்தது இ.எஸ்.பி.8266 என்று கண்டுகொண்ட அவர், 2016-ஐ ஒட்டிய காலத்தில் அவற்றுக்கென ஒரு மாற்று நிரலை எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று மூல நிரலோடு பகிரங்கமாக வெளியிட்டார். டாஸ்மோட்டா என்று வழங்கும் அந்த நிரல், பிற்பாடு உலகெங்கும் உள்ள பலரின் கைவேலையும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான சாதன வகைகளில் இயங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஒட்டோ வின்டர் என்பவர் தொடங்கிய இ.எஸ்.பி.ஹோம் என்னும் மற்றொரு நிரலும் இதே காரியத்துக்குப் பயன்படுகிறது. இவற்றுக்கு விலை கிடையாது.

இனி, செய்முறையைச் சற்று அருகிலிருந்தே பார்ப்போம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். வேலை முடிந்து, மூடியைத் திரும்பப் பொருத்தி, திருகாணிகளை முடுக்கும் வரை அது சுவரின் பக்கமே போகக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே கிடையாது. பல பிளக்குகளில், முக்கியமாக மின்செலவை அளந்து காட்டும் வகைகளில், சிப்பு இயங்கும் தாழ்ந்த மின்னழுத்தப் பகுதி, வீட்டு மின்கம்பியிலிருந்து பிரிக்கப்படாமல் அதனோடு நேரடியாகவே சேர்ந்திருக்கிறது. மூன்று வோல்ட்தானே என்று நம்பித் தொடுகிறவர் 230 வோல்ட்டைத் தொடக்கூடும். கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு இணைத்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். சுவருக்குள் பதிக்கும் சாக்கெட்டாக இருந்தால், மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டே அதைக் கழற்றவும் மாட்டவும் வேண்டும்.

சோனாஃப் எஸ்20 போன்ற பழைய பிளக்கின் மூடியைத் திருப்புளியால் கழற்றினால், பலகையின் ஓரத்தில் நான்கு சிறு துளைகள் வரிசையாக இருக்கும். ஒன்று 3.3 வோல்ட், ஒன்று எர்த்தைப் போன்ற பொதுமுனை, மற்ற இரண்டும் சிப்பு பேசுவதற்கும் கேட்பதற்குமான முனைகள். யு.எஸ்.பி. சீரியல் அடாப்டர் என்ற, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சாதனத்திலிருந்து நான்கு ஒயர்களை இவற்றோடு இணைக்க வேண்டும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டுமாதலால், அடாப்டரின் பேசும் முனை சிப்பின் கேட்கும் முனையோடும், அதன் கேட்கும் முனை சிப்பின் பேசும் முனையோடும் மாற்றிச் சேர்க்கப்படும். சில அடாப்டர்கள் 5 வோல்ட்டும் தரக்கூடியவை, சிப்பு 3.3 வோல்ட்டுக்காகவே செய்யப்பட்டது என்பதனால், இணைக்கும் முன்பே அடாப்டரின் நிலையைப் பார்த்துக்கொள்ளுதல் புத்திசாலித்தனம்.

அடுத்து வருவது மிக நயமான ஒரு ஏற்பாடு. சிப்பு ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும், பூஜ்யம் என்ற எண்ணுடைய தன் காலை ஒருமுறை கவனிக்கிறது; அந்தக் கால் பொதுமுனையோடு சேர்ந்திருந்தால், நினைவகத்திலுள்ள நிரலை ஓட்டாமல், புதிய நிரல் வருவதற்காகக் காத்திருக்கிறது. இந்தப் பிளக்கில் பொத்தான் அந்தக் காலோடுதான் இணைந்திருக்கிறது. ஆகவே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடாப்டரைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், கதவு திறந்துவிடும். இப்படிக் காத்திருக்கும் வித்தை, சிப்பைச் செய்யும்போதே அதன் அழியாத பகுதியில் பதிக்கப்பட்டது. எந்த ஃபர்ம்வேரும் அதை அழிக்க முடியாது. எழுதும்போது பாதியில் ஒயர் கழன்றாலும், தவறான நிரலை எழுதிவிட்டாலும், மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்ற தைரியம் இதனால் கிடைக்கிறது.

கதவு திறந்தவுடன் புதிய நிரலை எழுதத் தொடங்குவது அவசரபுத்தி. கம்பெனியின் பழைய நிரல் முழுவதையும், அதாவது 10,48,576 பைட்டுகளையும், முதலில் படித்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதே முறை. மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றே வழி. அந்தப் பிரதியில் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் இருக்கக்கூடும் என்பதால், அதை எவருக்கும் கொடுக்கக் கூடாது. பிறகு நினைவகத்தைத் துடைத்து, டாஸ்மோட்டாவை எழுத வேண்டும். சில நிமிஷ வேலை. அது முடிந்து மறுபடி விழித்தெழும் சிப்பு, தானே ஒரு சிறு வைஃபை வலையை உண்டாக்கிக்கொண்டு நம்மை எதிர்பார்த்திருக்கும். கைபேசியை அந்த வலையில் சேர்த்து, 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால், அன்று முதல் அது வீட்டு வலையின் அங்கத்தினர். இந்தச் சிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, எந்தக் காலில் எது இருக்கிறது என்பதைப் புதிய நிரலுக்குச் சொல்ல வேண்டும்: எஸ்20 பிளக்கில் 12-ஆம் காலில் ரிலே, 13-ஆம் காலில் விளக்கு, பூஜ்யக் காலில் பொத்தான். ஒவ்வொரு மாடலுக்கும் இந்தக் கணக்கு வேறுபடும். தன்னார்வலர்கள் ஏராளமான மாடல்களுக்கு இதைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

மூடியைத் திறக்காமலே இதைச் செய்யக்கூடிய ஒரு காலமும் இருந்தது. 2018 டிசம்பரில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், மைக்கேல் ஸ்டைகர்வால்ட் என்ற ஆராய்ச்சியாளர், சீனத்து டுயா நிறுவனத்தின் ஏற்பாட்டில் பல கம்பெனிப் பெயர்களில் விற்கப்படும் பல்புகளையும் பிளக்குகளையும் ஆராய்ந்து கண்டதை விளக்கினார். வைஃபை கடவுச்சொல் சிப்பினுள் எவ்வித மறைப்புமின்றிக் கிடந்தது. புதிய நிரலை இறக்கிக்கொள்ளும்போது, அதைக் கொடுப்பவர் உண்மையான கம்பெனிதானா என்று சாதனம் தீர விசாரிக்கவில்லை. இந்தக் குறையைக் கொண்டே, ஒரு சிறு கம்ப்யூட்டரைக் கம்பெனி சர்வரைப் போல நடிக்க வைத்துக் காற்று வழியாகவே ஃபர்ம்வேரை மாற்றும் டுயா கன்வெர்ட் என்ற உபாயம் பிறந்தது. கம்பெனி பிறகு அந்த ஓட்டையை அடைத்தது; வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்நியர் நுழையும் ஓட்டையை அடைத்தவர்கள், உரிமையாளர் நுழைவதற்கு ஒரு வாசலையும் வைத்திருக்கலாம். பின்னர் வந்த பல பிளக்குகளில் இ.எஸ்.பி. சிப்புக்குப் பதிலாக பெக்கென் என்ற வேறொரு நிறுவனத்தின் சிப்பு குடியேறியது. அதற்கும் ஓப்பன்பெக்கென் என்ற மாற்று நிரலைத் தன்னார்வலர்கள் எழுதிவிட்டார்கள்.

மாற்றம் முடிந்த பிறகு கிடைக்கும் பிரயோஜனம் என்ன? வீட்டு வலையில் பிளக்குக்கென்று ஒரு முகவரி உண்டு. அதைப் பிரவுசரில் திறந்தால் அணைக்கவும் ஏற்றவும் ஒரு பொத்தான் தெரியும். இன்டர்நெட் அறுந்திருந்தாலும் ரவுட்டர் ஓடினால் போதும். பல பிளக்குகளை ஒன்றாக ஆள விரும்புவோர் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறையைக் கையாளுகிறார்கள். பாலைவனங்களில் கிடந்த எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க, ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும், வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த அர்லன் நிப்பரும் 1999-இல் வகுத்த முறை அது. ஒவ்வொரு பைட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்த இடத்துக்காகச் சிக்கனமாக அமைக்கப்பட்டதால், இன்று இந்தச் சிறு சிப்புக்கும் அது பொருந்திவிடுகிறது. வீட்டின் மூலையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற நிரலை ஓட்டினால், பல கம்பெனிகளின் சாதனங்களும் அதன் கீழ் ஒரே குடும்பமாக இயங்கும். யார் எப்போது விளக்கேற்றினார்கள் என்ற அந்தரங்கம் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

மின்செலவை அளக்கும் பிளக்குகளில் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கும். அவற்றில் பலவற்றிலுள்ள அளவைச் சிப்பு, செலவாகும் மின்சாரத்துக்கு ஏற்றபடி துடிப்புகளை வேகமாகவோ மெதுவாகவோ அனுப்புகிறது; எத்தனை துடிப்பு எத்தனை வாட் என்ற விகிதம் பிளக்குக்குப் பிளக் சற்று வேறுபடும். தொழிற்சாலையில் பதித்த விகிதம் பழைய நிரலோடு போய்விடுமாதலால், அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சிறந்த துணை பழைய குண்டு பல்புதான். எல்.இ.டி. பல்பினுள் இருக்கும் மின்னணுச் சுற்று அளவைக் குழப்பும்; குண்டு பல்போ வெறும் இழை. அதை எரியவிட்டு, நம்பகமான மீட்டரில் தெரியும் வாட்டைப் புதிய நிரலுக்குச் சொல்லிவிட்டால், பிளக் அதன்படி தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, எச்சரிக்கைகளையும் சொல்வதே நேர்மை. நிரல் மாறினாலும் ரிலேயின் சக்தி மாறாது: 10 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 2,300 வாட்டுக்குமேல் தாங்காது, 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை அதில் மணிக்கணக்காக ஓட்டுவது அபாயத்தின் விளிம்பில் நிற்பதாகும். மோட்டார்கள் புறப்படும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்குமாதலால், அவற்றுக்குப் பெரிய மின்சுமையைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை வைப்பதே உசிதம். பிளக்குக்குள் பேட்டரி இல்லாததால், மின்சாரம் போய் வந்தால் அதற்கு மணி தெரியாது. இன்டர்நெட்டும் இல்லையென்றால், நேரம் சொல்ல வீட்டு வலையிலேயே ஒரு ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் டைமர் வேலை செய்யாது. மின்சாரம் திரும்பும்போது பிளக் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி செருகியிருக்கும் பிளக் அணைந்த நிலையில்தான் எழ வேண்டும். மேலும், சில நொடி இடைவெளிகளில் அடுத்தடுத்துப் பலமுறை மின்சாரம் போய் வந்தால், உரிமையாளர் மீட்க முயல்வதாக எண்ணி டாஸ்மோட்டா தன் அமைப்புகளையெல்லாம் அழித்துக்கொள்ளும். மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊர்களில் 'செட் ஆப்ஷன் 65' என்ற அமைப்பால் இதைத் தடுத்துவிடுவது நல்லது.

வாரண்டி போய்விடும் என்பதும், நிரலைப் புதுப்பிப்பதும் கடவுச்சொல் வைப்பதும் இனி நம் கடமையாகும் என்பதும் மெய். பிளக்கின் முகவரியை ரவுட்டர் வழியாக வெளியுலகுக்குத் திறந்துவிடுவது, வீட்டுச் சாவியைத் தெருவில் போடுவதற்குச் சமமான அசட்டை. கம்பெனிகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: ஒன்றுமறியாதவரும் ஐந்து நிமிஷத்தில் பிளக்கை மாட்டி, வெளியூரிலிருந்தும் அதை இயக்க முடிகிறதென்றால் அது அவர்களுடைய சர்வரின் உபகாரமே. அந்த உபகாரத்தை வேண்டுகிறவர் பெற்றுக்கொள்ளட்டும். அது ஒன்றே வழி என்று மற்றவர்களின் கைகளைக் கட்டிப்போடுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

ஃபர்ம்வேரை மாற்றுவது எல்லாராலும் ஆகிற காரியமன்று. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. பல்கேரியாவிலிருந்து வரும் ஷெல்லி போன்ற சில சாதனங்கள் வீட்டு வலையிலேயே இயங்கும் வசதியோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொது விதிமுறையும், கம்பெனி சர்வர் குறுக்கே வராமல் வீட்டுக்குள்ளேயே உத்தரவு நடக்க வழி செய்கிறது. எனவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை ஸ்மார்ட் பிளக்கோ பல்போ வாங்கும்போது, நிறத்தையும் விலையையும் விசாரிக்கும் அதே மூச்சில், "இன்டர்நெட் இல்லாவிட்டால் இது வேலை செய்யுமா? கம்பெனி மூடிவிட்டால் என்ன ஆகும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் செய்பவர்கள் மாறுவார்கள்.